அமெரிக்கா வரும் அப்பா அம்மாவுக்கு எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். உங்கள் பிரசவத்துக்கு உதவியாக அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து நியூஜெர்சி வருகிறார்கள், ஐந்து மாதம் இருப்பார்கள். அப்பாவுக்கு 68 வயது. பல வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடம் முன்பு ஒரு ஸ்டென்ட். அம்மாவுக்கு 63, பிரஷருக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் 50,000 டாலர் பாலிசி ஒன்றைக் குறைந்த விலையில் அங்கேயே போட்டுத் தருகிறேன் என்கிறார். அதை எடுக்கலாமா, இங்கிருந்து எடுக்க வேண்டுமா?

அப்பாவுக்கு அதை எடுக்காதீர்கள். இங்குள்ள கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கென்று விற்கும் காம்ப்ரிஹென்சிவ் பிளான் ஒன்றை எடுங்கள். எதை எடுத்தாலும், அதில் ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றிய பகுதியை முழுசாகப் படித்துவிட்டு எடுங்கள். நான் இங்கே ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்த பெற்றோரின் பில்களும், அவற்றுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் எழுதும் பதில் கடிதங்களும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். மறுத்து வரும் கடிதங்களில் பாலிசித் தொகை போதவில்லை என்பது காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் அந்த ஒரு பகுதிதான் காரணம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. விசிட்டர் விசாவில் வருபவர்கள் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் கிடையாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் பாலிசி காட்ட வேண்டும். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததால் எடுக்காமலே வந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கணவருடைய கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்கப் பொதுவாக வழியில்லை. ஊரில் அப்பா வருடா வருடம் பணம் கட்டி வரும் மெடிக்ளெய்ம் சாதாரணமாக இந்திய எல்லையோடு நின்றுவிடும். ஆக, இங்கே ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், கையில் இருக்கும் பாலிசிதான் துணை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் சராசரியாக 30,000 டாலர் ஆகும் என்று அமெரிக்க அரசின் ஹெல்த்கேர் இணையதளமே சொல்கிறது. இதயம் சம்பந்தப்பட்டது என்றால் அதையும் தாண்டிப் போகும்.

இங்கே விற்கும் விசிட்டர் பிளான்கள் இரண்டு வகை. ஒன்று ஃபிக்ஸட் பெனிஃபிட். இதில் ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு பட்டியல் இருக்கும். இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ். டிடக்டிபிள் என்ற முதல் தொகையை நீங்கள் கட்டினால், அதற்குமேல் வரும் நியாயமான பில்லில் ஒரு சதவீதத்தையோ முழுவதையோ அவர்கள் கட்டுவார்கள். இரண்டின் அட்டையிலும் 50,000 டாலர் என்றே போட்டிருக்கும். டிராவல்ஸ்காரரும் அந்த எண்ணைத்தான் காட்டுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். மூன்று நாள் அட்மிஷன், பில் 30,000 டாலர். ஃபிக்ஸட் பிளானின் பட்டியலில் அறைக்கு ஒரு நாளைக்கு 1,400, எமர்ஜென்சிக்கு 350, ஸ்கேன் ஒன்றுக்கு 450, டாக்டர் ஒருமுறை வந்து பார்த்தால் 60 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கும் அறை, ஒரு எமர்ஜென்சி, இரண்டு ஸ்கேன், மூன்று தடவை டாக்டர் எல்லாம் சேர்த்து 5,630 டாலர் வரும். மீதி 24,000 டாலருக்கு மேல் உங்கள் தலையில். 50,000 டாலர் பாலிசிதான், ஆனால் அந்த 50,000-ஐ நெருங்கவே முடியாது. இதே பில் காம்ப்ரிஹென்சிவ் பிளானுக்குப் போனால்: டிடக்டிபிள் 250, அதற்கு அடுத்த 5,000 டாலரில் 20 சதவீதம், அதாவது 1,000, உங்களுடையது, மீதி முழுவதும் அவர்களுடையது. உங்கள் கையிலிருந்து போவது 1,250 டாலர். ஐந்து மாதத்துக்கு இரண்டுக்கும் பிரீமியத்தில் சில நூறு டாலர் வித்தியாசம் இருக்கலாம். அந்தச் சில நூறைப் பார்த்து ஃபிக்ஸட் பிளான் எடுத்தவர்களின் பில்லைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் பாலிசியில் எழுதியேதான் இருந்திருக்கும்.

இந்தியக் கம்பெனிகளின் டிராவல் பாலிசியை நான் மொத்தமாக ஒதுக்கச் சொல்லவில்லை. ரூபாயில் கட்டலாம், விலை குறைவு. பெட்டி தொலைந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால், விமானம் தாமதமானால் ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். நாற்பது வயதுக்காரர் பத்து நாள் சிங்கப்பூர் போய் வர அது தாராளமாகப் போதும். ஆனால் வயது அறுபதை நெருங்கினாலோ தாண்டினாலோ, அவற்றில் பலவற்றில் உள்வரம்புகள் வந்துவிடும். அறை வாடகைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு இவ்வளவு, மயக்க மருந்து டாக்டருக்கு அதில் இத்தனை சதவீதம் என்று. பெயர் வேறாக இருந்தாலும் மேலே சொன்ன ஃபிக்ஸட் பிளானின் கதைதான். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஒன்றுமே கிடையாது, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு சிறு தொகை. இன்னொரு சிக்கல், இங்குள்ள ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் அந்தக் கார்டை அடையாளம் தெரியாது. பில் நேராக உங்கள் வீட்டுக்கு வரும். நீங்கள் கட்டிவிட்டு ஊரில் கிளெய்ம் போட்டு வாங்க வேண்டியிருக்கும். டிராவல்ஸ்காரர் சொல்லும் பாலிசியை எப்படியும் பார்க்க வேண்டுமென்றால், பாலிசி வார்த்தைகள் அடங்கிய முழு பிடிஎஃப்பைக் கேட்டு வாங்கி, அப்பாவின் வயதுக்கு உள்வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்க விளம்பரத் தாளில் அது இருக்காது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இங்குள்ள காம்ப்ரிஹென்சிவ் பிளான்களும் ஏற்கெனவே இருக்கும் நோயைச் சாதாரணமாக ஏற்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய் என்பதற்கு அவர்கள் கொடுக்கும் விளக்கம் ரொம்ப அகலமானது. டாக்டர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பாலிசி தொடங்கும் முன்பே உடம்பில் இருந்தால் போதும், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். சில பிளான்கள் கடைசி இரண்டு மூன்று வருடத்தை மட்டும் பார்க்கும், சில முழு ஆயுளையும் பார்க்கும். அப்பாவின் சர்க்கரையும் இதயமும் எந்தக் கணக்கிலும் உள்ளே வந்துவிடும்.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கும். ‘அக்யூட் ஆன்செட்’ என்று பாலிசியில் ஒரு பகுதி இருக்கும். பழைய நோயே ஆனாலும், முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று தீவிரமாகி, உடனே சிகிச்சை தேவைப்பட்டால் அதை ஏற்போம் என்பது அதன் சாரம். இதில்தான் நிபந்தனைகள். முதலாவது நேரம்: பல பிளான்களில் திடீரென்று ஆரம்பித்த 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டாவது வயது: சில பிளான்களில் 70 வயதோடு இந்தச் சலுகை முடிந்துவிடும், சிலவற்றில் 80 வரை உண்டு. அப்பாவுக்கு இப்போது 68 என்பதால் பிரச்சினையில்லை. அடுத்த தடவை வரும்போது இதே பிளானைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். மூன்றாவது தொகை: பாலிசி 1,00,000 டாலருக்கு இருந்தாலும், இதயம், பக்கவாதம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும் 25,000 போல ஒரு தனி வரம்பு சில பிளான்களில் இருக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் பிளான் தேடும்போது நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நான்காவது ஸ்திரத்தன்மை: பழைய நோய்க்கான மருந்தோ டோஸோ அதற்கு முந்தைய 30 நாளில் மாறியிருக்கக்கூடாது என்று சில பிளான்கள் சொல்லும்.

மெல்ல மெல்ல மோசமாவது இதில் வராது. பல மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், இங்கே வந்து ஒருநாள் முடியாமல் ஆஸ்பத்திரி போனால், அது திடீர் அல்ல என்று எழுதிவிடுவார்கள். சர்க்கரைக்காரரின் கால் புண் நாள்பட்டுப் பெரிதானாலும் அப்படியே.

24 மணி நேரத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பெற்றோரின் சுபாவம் அப்படி. மகளுக்கு இப்போதுதான் பிரசவம் ஆகியிருக்கிறது, மருமகன் ராத்திரியெல்லாம் முழித்துவிட்டு ஆபீஸ் வேலை பார்க்கிறார், இந்த நேரத்தில் நாம் வேறு ஏன் தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று வலியை மென்று விழுங்கிக்கொண்டு இருப்பார்கள். வாயுவாக இருக்கும் என்று இஞ்சிச் சாறு குடிப்பார்கள். மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டும்போதுதான் நமக்கே தெரியும். எமர்ஜென்சியில் நர்ஸ் கேட்கிற முதல் கேள்வி, எப்போதிலிருந்து வலி என்பதுதான். நம்மவர்கள் உண்மையைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும்: மூணு நாளா லேசா இருந்துச்சு. நர்ஸ் அதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டுவார். ‘மூன்று நாளாக நெஞ்சில் அசௌகரியம்.’ சில வாரம் கழித்து கிளெய்ம் பார்க்கும் ஆள் அந்த ரெக்கார்டை வரவழைப்பார். அந்த ஒரு வரியைக் காட்டியே கிளெய்ம் மறுக்கப்பட்டு வந்த கடிதங்களை நான் படித்திருக்கிறேன்.

இதற்காகப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் பொய் சொன்னால் சிகிச்சையே தவறாகப் போகும். ஸ்டென்ட் இருப்பதை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைத்தால் உயிருக்கே ஆபத்து. அதோடு கம்பெனி ஊர் டாக்டரின் ரெக்கார்டையும் கேட்டு வாங்கும் என்பதால் மறைத்துப் பலனும் இல்லை. செய்ய வேண்டியது வேறு. அப்பா வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே உட்கார வைத்துப் பேசுங்கள்: ‘அப்பா, நெஞ்சில, கையில, தாடையில என்ன தோணினாலும் நடுராத்திரியானாலும் எழுப்புங்க. நீங்க சொல்லாம இருந்தாத்தான் எங்களுக்குச் செலவு.’ பணம் என்று சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அம்மாவிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள். அப்பா மறைப்பது பாதி நேரம் அம்மாவுக்குத்தான் தெரியும்.

இப்போது எதை எடுப்பது என்று. பேட்ரியாட் அமெரிக்கா பிளஸ், அட்லஸ் அமெரிக்கா, சேஃப் டிராவல்ஸ் யுஎஸ்ஏ காம்ப்ரிஹென்சிவ் ஆகிய மூன்றும் இங்கே பெற்றோருக்காகப் பலரும் எடுப்பவை. மூன்றின் சான்றிதழையும், அதாவது பாலிசி விதிகள் முழுவதும் அடங்கிய ஆவணத்தையும், இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வயது வரம்பும் தொகையும் அவ்வப்போது மாறுவதால் நண்பர் போன வருடம் எடுத்ததை வைத்து முடிவு செய்யாமல், இன்றைய தேதிக்கான சான்றிதழில் ‘அக்யூட் ஆன்செட்’ பகுதியை மட்டும் மூன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரைமணி நேர வேலை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் திடீர் என்ற நிபந்தனை இல்லாமலே ஓரளவு கொடுக்கும் பிளான்களும் சில உண்டு. பிரீமியம் பல மடங்கு, குறைந்தது இத்தனை நாளுக்கு வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கும், அந்தப் பகுதிக்குத் தனி டிடக்டிபிளும் வரும். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகாதவர் என்றால் அதை யோசிக்கச் சொல்வேன். அதைவிட, பயணத்தையே தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்வேன். உங்கள் அப்பாவுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. டாக்டரும் சரி என்றால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் போதும் என்பது என் எண்ணம்.

தொகை 1,00,000 டாலருக்குக் குறையாமல் எடுங்கள். 50,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் பிரீமிய வித்தியாசம் பெரிதாக இருக்காது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு நிலைமை வேறு. பல பிளான்களில் அதிகபட்சமே 10,000, 20,000 டாலர்தான். டிடக்டிபிளை 250 அல்லது 500 வைத்துக்கொள்ளலாம். பிரீமியத்தைக் குறைக்க 2,500 என்று வைத்தால், சின்னச் சின்ன காய்ச்சலுக்கும் நீங்களே கட்ட வேண்டும் என்பதால் டாக்டரிடம் போவதையே தள்ளிப்போடுவீர்கள்.

இருவருக்கும் ஒரே பிளான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அம்மாவுக்குத் தனியாகக் குறைந்த விலையில் ஒன்று எடுக்கலாம். ஆனாலும் அதுவும் காம்ப்ரிஹென்சிவாகவே இருக்கட்டும். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு பிரஷர் மாத்திரை காரணமாக இருக்க வேண்டியதில்லை.

காலம் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மூன்று மாதத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பாலிசி முடிந்து புதிதாக இன்னொன்று எடுத்தால், முதல் மூன்று மாதத்தில் வந்த நோய் இரண்டாவது பாலிசிக்கு ஏற்கெனவே இருந்த நோய் ஆகிவிடும். எனவே ஊரில் விமானம் ஏறும் நாளிலிருந்து திரும்பி இறங்கும் நாள் வரை ஒரே பாலிசியாக எடுங்கள். முன்னதாகவே திரும்பிவிட்டால், கிளெய்ம் எதுவும் போடாதிருந்தால், மீதி நாட்களின் பணத்தை ஒரு சிறு கட்டணம் கழித்துத் திருப்பித் தருவார்கள். இந்த வசதி நீங்கள் எடுக்கும் பிளானில் உண்டா என்று மட்டும் பாருங்கள். நீட்டிக்க வேண்டி வந்தால், காலாவதியாவதற்கு முன்பே அதே பாலிசியை நீட்டியுங்கள், ஒரு நாள் இடைவெளிகூட விடாமல். வந்து இறங்கிய பிறகும் வாங்கலாம்தான், ஆனால் சில பிளான்களில் அப்படி வாங்கினால் முதல் சில நாட்களுக்கு நோய்க்குப் பணம் கிடையாது.

பாலிசி வந்ததும் பிபிஓ நெட்வொர்க் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகள், டாக்டர்களின் பட்டியல்) எது என்று பார்த்து, உங்கள் வீட்டுக்கு அருகில் அதில் இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று, சின்ன உபாதைகளுக்கு உடனே போய்ப் பார்க்கும் கிளினிக்கான அர்ஜென்ட் கேர் ஒன்று என இரண்டு பெயரை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் ஆஸ்பத்திரி, கம்பெனியோடு பேசி வைத்த குறைந்த விலைக்குத்தான் பில் போடும். கம்பெனிக்கு நேராக பில் அனுப்பவும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல், சளி, சிறுநீர்க் கடுப்பு, சுளுக்கு இதற்கெல்லாம் அர்ஜென்ட் கேர் போதும். எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் தனியாக ஒரு தொகையை உங்களிடமே வாங்கும் பிளான்கள் உண்டு. ஆனால் நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப் போவது என்றால் நெட்வொர்க்கெல்லாம் பார்க்காதீர்கள், 911-ஐக் கூப்பிடுங்கள். 1986-ல் வந்த எம்டாலா சட்டப்படி, இன்சூரன்ஸ் இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்பதற்காக எந்த எமர்ஜென்சியும் ஆளைப் பரிசோதிக்காமல், நிலைப்படுத்தாமல் திருப்பி அனுப்ப முடியாது. ஆபத்து நீங்கியதும் பாலிசியில் உள்ள எண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அட்மிஷனை இத்தனை நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் பணத்தைக் குறைக்கும் பிளான்கள் இருக்கின்றன.

வழக்கமான செக்கப், சர்க்கரை மாத்திரை, கண்ணாடி இவற்றுக்கெல்லாம் இந்தப் பாலிசிகள் பொதுவாகத் தராது. பல்லுக்கு, திடீர் வலி என்றால் சின்னத் தொகை. மருந்தை ஊரிலிருந்தே, கடை அட்டைப் பெட்டி பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 90 நாளுக்கான மருந்தை அனுமதிப்பார்கள். ஐந்து மாதம் என்பதால் மீதிக்கு வழி யோசித்துக்கொள்ளுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரும் இருந்தால் இங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுக்க எளிது.

பேசவே மனம் வராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒருவர் இறந்துவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுபோகப் பெரிய செலவு ஆகும், அலைச்சலும் அதிகம். காம்ப்ரிஹென்சிவ் பிளான்களில் இதற்கென்று ஒரு தொகை இருக்கும். அது எவ்வளவு என்றும், அவர்களைக் கேட்காமல் நாமே ஏற்பாடு செய்தால் தருவார்களா என்றும் பார்த்து வையுங்கள். பெரும்பாலும் முதலில் அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

கிளெய்ம் போடும் நிலை வந்தால் ஐ-94 பதிவு (அமெரிக்காவுக்குள் வந்த தேதியைக் காட்டும் அரசுப் பதிவு), பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை, வரி வரியாகப் பிரித்த பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கேட்பார்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த சம்மரி, கடைசி எக்கோ, கடைசி ஈசிஜி மூன்றையும் போனில் படமெடுத்து வைத்திருங்கள். டாக்டருக்கும் உதவும், கிளெய்முக்கும் உதவும். மறுத்துக் கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அப்பீல் செய்ய வழி உண்டு. திடீரென்று வந்ததுதான் என்று சிகிச்சை பார்த்த டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தால் முடிவு மாறியிருக்கிறது. அதுவும் நடக்காவிட்டால் ஆஸ்பத்திரியின் நிதியுதவிப் பிரிவுக்குப் போங்கள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் எழுத்துப்பூர்வமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். கிரெடிட் கார்டைத் தேய்த்து முழுத் தொகையும் கட்டிவிட்டு அதன்பிறகு எங்களிடம் வந்து கேட்பவர்களுக்குச் செய்ய எங்களால் அதிகம் முடிவதில்லை. கட்டுவதற்கு முன்பு வாருங்கள்.

பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் இதய டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைப் புறப்படும் வாரத்துக்கு வைக்காமல் இந்த வாரமே போடச் சொல்லுங்கள். டோஸ் மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றட்டும். விமானம் ஏறும்போது 30 நாள் கடந்திருக்கும். அதன்பின் பாலிசியை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் இரண்டு பிளான்களுக்கு நடுவில் குழப்பம் என்றால், இரண்டிலும் ‘அக்யூட் ஆன்செட்’ பத்தியை மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எது என்று சொல்கிறேன்.